சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கார் மட்டும் காணோம்: கீலெஸ் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

புதுவண்டி:
வணக்கம் நண்பர்களே. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் கீலெஸ் காருக்கு இப்போதுதான் மாறியிருக்கிறேன். சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறந்துகொள்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இதே வகைப் பூட்டு உள்ள காரை வைத்திருந்த உறவினர் ஒருவரின் வண்டி இரவோடு இரவாகக் காணாமல் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை, இரண்டு சாவிகளும் வீட்டுக்குள் மாட்டிய இடத்திலேயே தொங்குகின்றன. சாவி இல்லாமல் வண்டி எப்படிப் போகும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் அவரையே துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். மனிதர் நொந்துபோய்விட்டார்.

சாவியில் இருக்கும் ரகசியக் குறியீட்டை யாராவது உடைத்துவிட்டார்களா? ரிமோட்டில் பட்டனை அழுத்திப் பூட்டுவது இதைவிடப் பாதுகாப்பானதா? நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

அலைவரிசை:
உங்கள் உறவினரின் கார் விஷயத்தில் குறியீட்டை யாரும் உடைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரிலே முறை என்று ஒன்று இருக்கிறது. தடயம் இல்லாமல் போகும் கீலெஸ் கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் 120 முதல் 135 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண்ணில் ஓர் அழைப்பை விடுகிறது. அது ஒன்றிரண்டு மீட்டரைத் தாண்டாது. அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் சாவி, 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. இந்தப் பதில் பல பத்து மீட்டர் வரை போகும். அழைப்போடு ஒரு புதிர் எண்ணும் வரும். சாவி தன்னிடம் உள்ள ரகசியத்தை வைத்து விடையைக் கணக்கிட்டுத் தருகிறது, விடை சரியாக இருந்தால் பூட்டு திறக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு காருக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? சரியான சாவி எங்கிருந்தோ பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அது பக்கத்தில் இருக்கிறதா என்பதைக் கார் அளந்து பார்க்கவே இல்லை. தாழ் அலை தூரம் போகாது, ஆகவே கேட்டிருந்தால் பக்கத்தில்தான் இருக்கும் என்று வடிவமைத்தவர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். ஓட்டை இருப்பது இங்கேதான்.

திருட வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆன்டெனாவுடன் கார் கதவருகே நிற்கிறார், இன்னொருவர் வீட்டுச் சுவரையொட்டி நிற்கிறார். காரின் அழைப்பை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்புகிறது, அது அதே அழைப்பைச் சாவிக்கு அருகில் மறுபடி ஒலிபரப்புகிறது. சாவியின் பதில் பெரும்பாலும் தானாகவே கார் வரை வந்து சேர்ந்துவிடும். கணித மேதை ஜான் கான்வே 1976லேயே இதன் சாரத்தைச் சொல்லிவிட்டார்: சதுரங்கம் தெரியாத சிறுமிகூட இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரே நேரத்தில் அஞ்சலில் ஆடலாம், ஒருவரின் நகர்த்தலை அப்படியே மற்றவருக்கு அனுப்பினால் போதும். நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் புரிய வேண்டியதில்லை. ரிலே கருவிக்கும் குறியாக்கம் புரிய வேண்டியதில்லை.

2011இல் சூரிச் இடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிலோன், டானெவ், சாப்குன் ஆகிய மூவர் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் சோதித்துக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பத்தும் திறந்தன, பத்தும் ஸ்டார்ட் ஆயின.

வழிப்போக்கன்:
அண்ணா, ஒரு சந்தேகம். சரி, ரிலே செய்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். வண்டி கிளம்பி அடுத்த தெருவுக்குப் போனதும் சாவியின் தொடர்பு அறுந்துவிடுமே, அப்போது இன்ஜின் நின்றுவிடாதா?

கராஜ்காரன்:
நிற்காது தம்பி, நிற்கவும் கூடாது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சாவியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் நடுச்சாலையில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும்? அதனால் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், சாவியைக் காணோம் என்று ஒரு எச்சரிக்கை காட்டும், கூவும், அத்தோடு சரி. எரிபொருள் தீரும் வரை ஓட்டிக்கொண்டே போகலாம்.

அப்புறம், பலர் நினைப்பது போல ரிலே மட்டுமே வழி இல்லை. எப்படியாவது கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால், ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கோளாறுகளைப் படிக்கக் கருவி இணைக்கும் ஓபிடி போர்ட்டில் சாவி புரோகிராம் செய்யும் கருவியைச் செருகி, வெற்றுச் சாவி ஒன்றை அந்தக் காருக்கு உரியதாக்கிவிடுகிறார்கள். சாவி தொலைந்தவர்களுக்கு நாங்கள் நியாயமாகச் செய்துகொடுக்கும் அதே வேலைதான். பூட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தக் கருவி தேவை, தடை செய்தால் வாடிக்கையாளர்தான் டீலரிடம் மாட்டிக்கொள்வார். ஆனால் காரில் ஏற்கெனவே பதிவான ஒரு சாவியாவது உள்ளே இருக்க வேண்டும், அல்லது பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று மென்பொருளிலேயே கட்டாயப்படுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இது என் பட்டறை அனுபவத்தில் ஆணித்தரமாகச் சொல்வது.

குறியாக்கம்:
அலைவரிசை சொன்னதில் ரிலே பகுதியை ஏற்கிறேன். ஆனால் குறியாக்கத்தில் பிரச்சினையே இல்லை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வரலாறு அப்படி இல்லை.

ரிமோட்களில் பரவலாக இருந்த கீலாக் என்ற குறியாக்க முறை 2008இல் உடைந்தது. ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழகக் குழு, சிப் எவ்வளவு மின்சாரம் உறிஞ்சுகிறது என்பதை அளந்தே உற்பத்தியாளரின் மூலச் சாவி எனப்படும் ரகசிய எண்ணை வெளியே எடுத்தது. அந்த ஒரு சாவி கையில் இருந்தால் அந்த உற்பத்தியாளரின் ரிமோட்களை நகலெடுக்கலாம். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத இம்மொபிலைசர்களில் இருந்த ஹிடேக்2 முறையின் ரகசிய எண் வெறும் 48 பிட் நீளம், 2012இல் அதை ஆறு நிமிடத்தில் உடைக்கும் முறை வெளிவந்தது.

டெஸ்லா மாடல் எஸ் கதை இன்னும் வேதனை. அதன் சாவியில் இருந்தது டிஎஸ்டி40 என்ற 40 பிட் முறை. அது 2005லேயே அமெரிக்காவில் உடைக்கப்பட்டுக் கட்டுரையாக வெளிவந்தது. பல ஆண்டுகள் கழித்து வந்த ஒரு புத்தம் புதிய உயர்விலைக் காரில் அதையே வைத்தார்கள். 2018இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து லெனர்ட் வூட்டர்ஸ் குழு, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சில டெராபைட் அட்டவணையை வைத்துச் சில நொடிகளில் சாவியை நகலெடுத்துக் காட்டியது. ரிலேயில் உரிமையாளரின் சாவி எட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான் திறக்க முடியும். நகலெடுத்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம், உரிமையாளரின் சாவி எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

2016இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ரிமோட்கள் பற்றி வந்த ஆய்வு இதைவிடப் பெரியது. 1995 முதல் விற்ற பெரும்பாலான கார்களின் ரிமோட் பாதுகாப்பு, எல்லா வண்டிக்கும் பொதுவான ஒருசில மூலச் சாவிகளை நம்பித்தான் இருந்தது. ஆய்வாளர்கள் கணக்குப்படி ஏறத்தாழ 10 கோடி வண்டிகள்.

2020இல் டொயோட்டா, ஹூண்டாய், கியா. 80 பிட் முறை நல்லதுதான், ஆனால் டொயோட்டாவில் சாவி எண்ணைச் சிப்பின் வரிசை எண்ணிலிருந்தே வரவழைத்திருந்தார்கள், மற்ற இரண்டில் உண்மையில் ஊகிக்க முடியாததாக இருந்தது 24 பிட் மட்டுமே. பூட்டு பலமானது, சாவியைச் செதுக்கியவர்கள்தான் அலட்சியமாக இருந்தார்கள்.

அலைவரிசை:
பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. நான் வலியுறுத்துவது வேறு. நீங்கள் சொன்ன அத்தனையையும் நாளைக்கே சரிசெய்து 128 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கத்தை வைத்தாலும் ரிலே அப்படியே வேலை செய்யும். தூரத்தை அளக்காத வரை பிட்டுகளைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், தூரத்தை அளந்து உறுதி செய்யும் நெறிமுறையை ஸ்டெஃபான் பிராண்ட்ஸும் டேவிட் சாமும் 1993லேயே வெளியிட்டுவிட்டார்கள். கீலெஸ் கார்கள் பரவலாகச் சந்தைக்கு வரும் முன்பே தீர்வின் யோசனை கையில் இருந்தது.

புதுவண்டி:
நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. அப்படியென்றால் கைப்பிடியைத் தொடும் வசதியை விட்டுவிட்டு, ரிமோட் பட்டனை மட்டும் பயன்படுத்தினால் நிம்மதியா?

குறியாக்கம்:
கைப்பிடி வசதியை அணைத்தே விட்டால் ரிலேயிலிருந்து நிம்மதி. பட்டனில் சாவி தானாகப் பதில் சொல்லாது, நீங்கள் அழுத்தினால்தான் பேசும். ஆனால் அங்கே வேறு தொல்லைகள் உண்டு.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாற வேண்டும், பழையதைக் கார் ஏற்கக் கூடாது. இதுதான் ரோலிங் கோட். 2015இல் சாமி கம்கர் என்ற ஆய்வாளர் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டிய கருவி, முதல் அழுத்தலைக் காருக்குக் கேட்காதபடி இரைச்சல் அலையால் ஜாம் செய்து பதிவு செய்துகொள்ளும். கதவு திறக்கவில்லையே என்று நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். இரண்டாவதையும் ஜாம் செய்து பதிந்துகொண்டு, முதலாவதைக் காருக்கு விடும். கதவு திறக்கும், உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. பயன்படுத்தாத ஒரு குறியீடு அவர்கள் கையில் தங்கிவிடும்.

2022இல் ஹோண்டா கார்களில் வெளியான ரோலிங்-பிடபிள்யூஎன் (Rolling-PWN) என்ற ஓட்டை இன்னும் எளிது. பழைய குறியீடுகளை வரிசையாக அனுப்பினால் அடுத்து எந்தக் குறியீடு என்று கார் வைத்திருக்கும் எண்ணிக்கை பின்னோக்கிப் போய்விடும், பிறகு பழையவை மறுபடி செல்லும். சாவி பையில் தற்செயலாக அழுந்தி எண்ணிக்கை விலகினால் மறுபடி ஒத்துப்போவதற்காக வைத்த ஏற்பாடு அது. உரிமையாளருக்கு உதவியாக வைத்த நெகிழ்வே ஓட்டையாகிவிட்டது.

இன்னொன்று, இது சாதாரண விஷயம் என்றாலும் பலர் கவனிப்பதில்லை. பார்க்கிங்கில் யாராவது வெறும் ஜாமர் வைத்திருந்தால் நீங்கள் பூட்டியதாக நினைத்துப் போய்விடுவீர்கள், கார் பூட்டாமலே நிற்கும். விளக்கு மினுங்கியதா, பக்கக் கண்ணாடி மடங்கியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒருமுறை இழுத்தும் பாருங்கள்.

மின்தடம்:
எல்லோரும் சாவியைப் பற்றியே பேசுகிறீர்கள். சாவியைத் தொடாமலே போகும் வழி ஒன்று இருக்கிறது.

கார் முழுக்க ஓடும் கேன் பஸ் என்ற கம்பிப் பாதையில் பிரேக், விளக்கு, கதவு, இன்ஜின் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யார் பேசுகிறார்கள் என்று அங்கே யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை, பஸ்ஸில் வந்த செய்தி எதுவோ அது உண்மை. 2022இல் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4 திருடப்பட்டது. அதற்கு முன் அதன் முன் பம்பரைக் கழற்றி ஹெட்லைட் கம்பியைப் பிடுங்கியிருந்தார்கள். ஏதோ விஷமிகளின் வேலை என்றுதான் முதலில் தோன்றியது. அவரும் கென் டிண்டெலும் சேர்ந்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள்: ஹெட்லைட் கம்பி வழியாக கேன் பஸ்ஸில் நுழைந்து, சாவியைச் சரிபார்த்தாகிவிட்டது என்ற பொய்ச் செய்தியைச் செலுத்தியிருக்கிறார்கள். அதற்கான சுற்று, சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றின் கூட்டுக்குள் மறைத்து விற்கப்பட்டிருக்கிறது. கையில் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு எதிராகச் சாவியின் சிக்னலைத் தடுக்கும் உறை, பட்டன் எதுவும் உதவாது. கேன் செய்திகளுக்கும் அனுப்பியது யார் என்று உறுதி செய்யும் மின்னணுக் கையொப்பம் வேண்டும், அது உற்பத்தியாளர் கையில்தான் இருக்கிறது. உங்கள் காரின் முன்பக்கத்தில் பம்பர் ஓரமோ சக்கர வளைவின் பிளாஸ்டிக்கோ யாரோ நெம்பியது போலத் தெரிந்தால், கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வழிப்போக்கன்:
இதையெல்லாம் இப்படி ஆராய்ச்சி என்று வெளியிடுவதால்தானே திருடர்களுக்கு வழி தெரிகிறது? தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்காதா?

கராஜ்காரன்:
எனக்கும் அதே ஆதங்கம்தான். ஒரு வீடியோ வந்தால் அடுத்த மாதமே கருவி விற்பனைக்கு வருகிறது. கார் பழைய மாடல் என்றால் அதற்குப் பெரும்பாலும் அப்டேட் வராது. பாதிக்கப்படுவது ஆய்வாளர் இல்லை, மாதத் தவணை கட்டுபவர்தான்.

குறியாக்கம்:
உங்கள் ஆதங்கம் நியாயமானது ஐயா. ஆனால் மூடி வைத்துப் பார்த்தும் ஆயிற்று. மெகாமோஸ் என்ற இம்மொபிலைசர் சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தவர்கள், வெளியிடப் பல மாதங்கள் முன்பே சிப் தயாரித்தவர்களிடம் சொன்னார்கள். 2013இல் ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015இல்தான், ஒரு வாக்கியத்தை நீக்கிய பிறகு, வெளிவந்தது. அந்த இரண்டு வருடத்தில் அந்தச் சிப் உள்ள கார்களை வாங்கியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஹெட்லைட் விவகாரத்திலோ கருவி முதலில் வந்தது, ஆய்வு பிறகுதான் வந்தது. திருடர்கள் கட்டுரைக்காகக் காத்திருப்பதில்லை.

அப்புறம் இந்த இழையைத் தொடங்கியவரின் உறவினரையே நினைத்துப் பாருங்கள். சாவி இல்லாமல் கார் போகும் என்பதற்குப் பொதுவெளியில் சான்று இல்லையென்றால் அவர் சொல்வதை யார் நம்புவார்கள்?

கராஜ்காரன்:
அந்தக் கடைசி வரி யோசிக்க வைக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியிடுபவர்கள் பழைய வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

புதுவண்டி:
போனையே சாவியாக வைத்துக்கொள்ளும் வசதியும் என் காரில் இருக்கிறது. அது மேலானதா?

அலைவரிசை:
எந்த அலையில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. வெறும் புளூடூத் என்றால் இல்லை. 2022இல் என்சிசி குழுமம் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் டெஸ்லா மாடல் 3இல் புளூடூத் ரிலேயைச் செய்து காட்டியது, குறியாக்கிய செய்தியைப் பிரிக்காமல் இணைப்பு அடுக்கிலேயே அப்படியே கடத்தியதால் குறியாக்கம் தடுக்கவில்லை. சிக்னல் பலமாக இருக்கிறது, ஆகவே பக்கத்தில் இருக்கிறார் என்ற அதே பழைய அனுமானம்தான் புதுச் சட்டையில் வந்திருக்கிறது.

அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ முறை இருந்தால் நிலைமை வேறு. ஒளி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போகிறது. மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை அந்த நுணுக்கத்தில் அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ரிலே செய்பவர் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. துடிப்பையே முன்கூட்டிப் போலியாக அனுப்பும் முயற்சிக்கு எதிராக 2020இல் வந்த 802.15.4இசட் என்ற ரேடியோ தரத்தில் காப்பு சேர்த்தார்கள். ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கம் நூற்றுக்கணக்கான கீலெஸ் மாடல்களை ரிலே கருவியால் சோதித்துவருகிறது, மிகப் பெரும்பாலானவை திறந்துவிடுகின்றன. தாக்குப்பிடித்தவற்றில் 2018க்குப் பிந்தைய சில லேண்ட் ரோவர் மாடல்கள் உண்டு, அவற்றின் சாவியில் இந்தத் தொழில்நுட்பம்தான் இருந்தது.

ஆனால் விற்பனையாளர் "அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கிறது சார்" என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 2024இல் சீன ஆய்வாளர்கள் அந்தச் சிப் பொருத்திய புதிய மாடல் 3ஐ ரிலே செய்து திறந்தார்கள். சிப் காரில் இருந்தது, ஆனால் தூரத்தைக் கட்டாயமாகச் சரிபார்க்க அதை அப்போது பயன்படுத்தவில்லை. கதவைத் திறக்கும் முன் தூரத்தை அளந்து முடிவெடுக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

புதுவண்டி:
கடைசியாக, இப்போதே நான் செய்யக்கூடியவை?

கராஜ்காரன்:
முதலில் மெனுவில் பாருங்கள். பல கார்களில் கைப்பிடி வசதியை அணைத்துவிடலாம், சிலவற்றில் சர்வீஸ் சென்டரில்தான் அணைப்பார்கள். அணைத்தபின் சாவியைப் பையிலேயே வைத்துத் தொட்டுப் பாருங்கள், திறக்கக் கூடாது. டொயோட்டா சாவிகள் பலவற்றில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே திறக்கும் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் சாவி பேட்டரி சேமிப்பு நிலைக்குப் போய் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். சிறு விளக்கு நான்கு முறை மினுங்கும்.

சாவி அசையாமல் இருந்தால் சில நிமிடத்தில் தூங்கிவிடும் வகை இப்போது பல நிறுவனங்களில் வருகிறது, உங்களுடையது அப்படியா என்று கேளுங்கள். இரவில் நல்ல காப்பு, ஆனால் சட்டைப் பையில் அசைந்துகொண்டிருக்கும்போது அது விழித்துத்தான் இருக்கும்.

சிக்னலைத் தடுக்கும் உறை வாங்கினால் சாவியை அதில் போட்டுக் கதவருகே நின்று சோதியுங்கள். மடிப்புகளில் உள்துணி தேய்ந்தால் கசியும், ஆகவே அவ்வப்போது மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாவது சாவியும் உறைக்குள் இருக்கட்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஓட்டத் தொடங்கும்போது ரகசிய எண் (PIN) கேட்கும் வசதி காரில் இருந்தால் கட்டாயம் போடுங்கள், கதவு திறந்தாலும் வண்டி நகராது. அப்புறம் கையால் மாட்டும் ஸ்டீயரிங் லாக். மின்தடம் சொன்ன ஹெட்லைட் வழிக்கும், நான் சொன்ன ஓபிடி வழிக்கும் குறுக்கே நிற்பது அதுதான். அறுக்க முடியும், ஆனால் சத்தமும் நேரமும் ஆகும்.

மின்தடம்:
ஓபிடி போர்ட்டுக்குப் பூட்டு மூடியும் கிடைக்கிறது. அதோடு, ஐநா வாகன விதி 155 ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. உற்பத்தியாளர் சைபர் அபாயங்களைக் கண்டறிந்து கையாள வேண்டும் என்கிறது. ரிலேயும் அந்த அபாயங்களில் ஒன்று என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் புகாராக எழுதினால்தான் பழைய மாடல்களுக்கும் ஏதாவது நடக்கும்.

புதுவண்டி:
மெனுவில் தேடினேன், கைப்பிடி வசதியை அணைக்கும் தெரிவு இல்லை. சர்வீஸ் சென்டருக்கு எழுதியிருக்கிறேன், அல்ட்ரா வைட்பேண்ட் கேள்வியையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். இந்த இழையை உறவினருக்கும் அனுப்பிவிட்டேன், 2011 ஆய்வின் பிரதியை இன்சூரன்ஸ் கோப்பில் சேர்க்கப்போகிறார்.

அலைவரிசை:
சேர்க்கச் சொல்லுங்கள், கூடவே ஏடிஏசி சோதனைப் பட்டியலில் அவருடைய மாடல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் வாதம் இன்னும் வலுவாகும். சில கார்களில் எந்தச் சாவி எப்போது ஸ்டார்ட் செய்தது என்ற பதிவு சாவியிலோ உற்பத்தியாளர் சர்வரிலோ இருக்கும். இரண்டு சாவிகளையும் படிக்கச் சொல்லி அவரே எழுத்தில் கேட்கலாம், தாமதிக்க வேண்டாம்.